மோன்மார்த் குன்றில் ஒரு கொலை: வரலாற்று மர்மப் புதினம் எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

பாரிஸ் நகரின் வடக்கில் உயர்ந்து நிற்கும் மோன்மார்த் குன்று, 1880-களிலும் 1890-களிலும் ஓவியர்களும் கவிஞர்களும் பாடகர்களும் குறைந்த வாடகையைத் தேடி வந்து குடியேறிய இடம் என்பதால், வரலாற்று மர்மக் கதை எழுத முனைபவர்களை இன்றும் தன்பால் இழுக்கிறது. ஆனால் அங்கு நிகழ்வதாக எழுதப்படும் கதைகள் பலவற்றில் ஆப்சாந்த் மதுவும் காற்றாலையும் நடன அரங்கும் அலங்காரமாக நிற்க, அவற்றின் நடுவே எந்த ஊரிலும் நடந்திருக்கக்கூடிய ஒரு கொலை நடந்து முடிகிறது. அத்தகைய கதையை லண்டனுக்கோ வியன்னாவுக்கோ மாற்றினால் ஒன்றும் குறையாது என்பதே அதன் குறை. கொலைக்கான காரணம், அதை மறைக்கும் வழி, அது வெளிப்படும் விதம் ஆகிய மூன்றும் அந்தக் குன்றிலிருந்தும் குறிப்பிட்ட ஓர் ஆண்டிலிருந்தும் பிறக்குமாறு கதையைக் கட்டும் முறையை இவ்வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

முதல் படி: ஆண்டைத் தேர்ந்தெடுத்தல்

"பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி" என்பது கதைக்குப் போதுமான காலக்குறிப்பு அன்று. 1881-இன் மோன்மார்த்தும் 1899-இன் மோன்மார்த்தும் இரு வேறு ஊர்கள் எனலாம். ஆகவே பாத்திரங்களுக்குப் பெயர் சூட்டுவதற்கு முன்பே ஆண்டை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

1880-இல், பாரிஸ் மக்கள் அரசுக்கு எதிராக எழுந்த பாரிஸ் கம்யூன் எழுச்சியில் பங்கேற்றவர்களுக்கு முழுப் பொது மன்னிப்பு வழங்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். 1871 மார்ச் 18 அன்று அந்த எழுச்சி தொடங்கியதே இக்குன்றில் நிறுத்தப்பட்டிருந்த பீரங்கிகளை அரசுப் படை கைப்பற்ற முயன்றபோதுதான். லெகோம்த், கிளெமான்-தோமா என்னும் இரு தளபதிகள் அன்று இங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எனவே பழைய பகையை மையமாக வைத்து எழுத விரும்புபவருக்கு 1880-களின் தொடக்கம் பொருந்தும். காட்டிக்கொடுத்தவரும் காட்டிக்கொடுக்கப்பட்டவரும் ஒரே தெருவில் மீண்டும் சந்திக்கும் காலம் அது.

கலையுலகின் பகட்டைக் களமாகக் கொள்ள விரும்பினால், ரொடோல்ஃப் சாலிஸ் 1881 நவம்பரில் ரோஷ்சுவார் பெருவீதியில் தொடங்கிய 'ஷா நுவார்' என்னும் கறுப்புப் பூனை மதுக்கூடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அது 1885-இல் வேறு தெருவில் பெரிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய இடத்தில் அரிஸ்தித் புருவான் தமது சொந்த மதுக்கூடத்தைத் திறந்து, வாடிக்கையாளர்களை வசைபாடியே புகழ் பெற்றார். 'முலேன் ரூஜ்' நடன அரங்கு திறக்கப்பட்டது 1889 அக்டோபர் 6 அன்றுதான். 1887-இல் நிகழும் கதையில் முலேன் ரூஜ் நடனக்காரி ஒருத்தி இறந்து கிடந்தால், கொலைகாரனைத் தேடுவதற்கு முன் வாசகர் ஆசிரியரைத் தேடத் தொடங்குவார்.

என் தேர்வைக் கேட்டால் 1892 என்பேன். அவ்வாண்டு மார்ச்சில் ரவாஷோல் என்னும் அராஜகவாதி நீதித்துறையினர் குடியிருந்த வீடுகளுக்குக் குண்டு வைத்தார். நவம்பரில் போன்-ஆன்ஃபான் தெருக் காவல் நிலையத்தில் மற்றொரு குண்டு வெடித்து ஐவர் இறந்தார்கள். இடையில் பாரிஸின் சுற்றுப்புறங்களில் தொடங்கிய காலரா கோடையில் நகருக்குள்ளும் பரவியது. காவல் துறையின் கவனம் முழுவதும் வெடிகுண்டுகளின் மீதும், மருத்துவர்களின் கவனம் முழுவதும் கொள்ளைநோயின் மீதும் இருக்கையில் ஒரு தனிமனிதரின் சாவை யார் கூர்ந்து பார்ப்பார்? பின்வரும் படிகளில் இந்த ஆண்டையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இரண்டாம் படி: குன்றின் நிலவியலை உள்வாங்குதல்

மோன்மார்த் 1860 ஜனவரி 1 அன்றுதான் பாரிஸ் நகருடன் இணைக்கப்பட்டது. அதற்கு முன் நகரின் சுங்கச் சுவருக்கு வெளியே இருந்தமையால் அங்கு மதுவின் விலை குறைவு. குடிப்பதற்காகவே நகரத்தார் சுவரைத் தாண்டி வரும் பழக்கம் அப்படித்தான் தோன்றியது. சுவர் இடிக்கப்பட்ட இடத்தில் கிளிஷி, ரோஷ்சுவார் பெருவீதிகள் அமைந்தன. ஆகவே மின்விளக்கும் மதுக்கூடமும் நிறைந்த கேளிக்கைப் பகுதி குன்றின் அடிவாரத்தில் உள்ளது; மேலே போகப் போகக் கிராமம். அங்கே காய்கறித் தோட்டங்களும் குறுகிய படிக்கட்டுகளும் பழைய காற்றாலைகளும், வடமேற்குச் சரிவில் பலகைக் குடிசைகள் நெருங்கிய 'மாக்கி' என்னும் சேரியும் இருந்தன. கிழக்கே இறங்கினால் சலவைத் தொழிலாளப் பெண்கள் மிகுந்து வாழ்ந்த கூத்-தோர் பகுதி வரும். அடிவாரத்தில் இரவு விருந்தினராக வருபவர் ஒருவர், குன்றின் மேல் அடுத்த நாளைக்கு ரொட்டி இல்லாதவர் ஒருவர். இவ்விருவர் சந்திக்கும் இடமே கதையின் உரசல் தோன்றும் இடம்.

குன்றின் உட்புறமும் எழுத்தாளருக்குக் கிடைத்த கொடைதான். பாரிஸ் சாந்து எனப்படும் பொருளுக்கான ஜிப்சம் இங்குதான் பல நூற்றாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. அந்தச் சுரங்கங்களால் நிலம் பொந்துவிட்டிருந்தமையால், 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சாக்ரே-கேர் பேராலயத்துக்கு அடித்தளமாக 83 தூண்களை 30 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. அப்பேராலயம் 1914-இல்தான் முடிந்தது என்பதை மறவாதீர்கள்: உங்கள் கதைமாந்தர்கள் அண்ணாந்து பார்ப்பது சாரக்கட்டுகளைத்தானே அன்றி, இன்றைய அஞ்சலட்டையின் வெள்ளைக் குவிமாடத்தை அன்று. மேற்கே, பழைய சுரங்கப் பள்ளத்தில் அமைந்த மோன்மார்த் கல்லறைத் தோட்டத்தின் மீது 1888-இல் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. கல்லறைகளுக்கு மேலே வண்டிகள் ஓடும் இடம் அது. அங்கிருந்து ஒரு பிணம் கீழே விழுந்தால் அதை முதலில் காண்பவர் கல்லறைக் காவலராகத்தான் இருப்பார் என்பது போன்ற சிறு விவரங்களிலிருந்து காட்சிகள் தாமே உருவாகும்.

குன்றேறும் கயிற்று இழுவண்டி 1900 ஜூலையில்தான் ஓடத் தொடங்கியது. பாரிஸ் மெட்ரோவும் அதே மாதத்தில்தான். அதற்கு முன் நடையும் குதிரை வண்டியுமே வழி. எனவே ஒருவர் எங்கே எப்போது இருந்தார் என்பதைக் கணக்கிடும்போது ஏறுவதற்கு ஆகும் நேரத்தையும் இறங்குவதற்கு ஆகும் நேரத்தையும் தனித்தனியே கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: பணத்திலிருந்து காரணத்தைப் பிறப்பித்தல்

கலைஞர்களைப் பற்றிய கதைகளில் காதலும் பொறாமையும் எளிதில் கிடைக்கும் கொலைக் காரணங்கள். அவற்றை விலக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் இப்பகுதியின் உண்மையான நரம்பு கடன். ஒரு பிராங்க் 20 சூ. பாரிஸ் தொழிலாளி ஒருவரின் நாட்கூலி சுமார் 5 பிராங்க். சலவைப் பெண்ணுக்கு அதில் ஏறக்குறைய பாதி. ஓவியருக்கு நாட்கூலியும் கிடையாது. அவர் வாடகைக்கும் வண்ணத்துக்கும் மதுவுக்கும் தமது ஓவியங்களையே ஈடாகக் கொடுத்தார். கிளோசேல் தெருவில் வண்ணக்கடை வைத்திருந்த, 'தங்கி ஐயா' என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட ஜூலியன் தங்கி, பணத்துக்குப் பதிலாக ஓவியங்களை வாங்கி வைத்துக்கொண்டது கலை வரலாற்றில் பதிவான செய்தி. தங்கி நல்லவர். அவரைப் போன்ற தொழிலும் அவருடையதல்லாத மனமும் கொண்ட கற்பனை வணிகர் ஒருவரை எண்ணிப் பாருங்கள்: அவர் கடையின் பின்னறையில் விற்பனையாகாத ஐம்பது ஓவியங்கள் அடுக்கப்பட்டுள்ளன, அவற்றை வரைந்தவர்களில் ஒருவர் இறந்ததும் விலை ஏறுகிறது, கடன் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டுள்ளது. கொல்லப்பட்டவர் வணிகரா, ஓவியரா என்பதை எழுத்தாளர் விருப்பம் போல் அமைக்கலாம். காரணம் மட்டும் அந்தத் தெருவை விட்டு வேறெங்கும் பொருந்தாது.

கொலைக்கருவியும் அதே கடையில் கிடைக்கிறது. அக்கால ஓவியர்கள் விரும்பிப் பயன்படுத்திய மரகதப் பச்சை வண்ணம் செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த கூட்டுப்பொருள். மருந்துக்கடையில் ஆர்செனிக் வாங்கினால் 1846-ஆம் ஆண்டின் ஆணைப்படி பெயர் பதிவேட்டில் ஏறும். ஓவியரின் பெட்டியில் அந்தப் பச்சை இருப்பதைக் கண்டு யாரும் வியப்படைய மாட்டார். ஆர்செனிக் நஞ்சின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காலராவை ஒத்திருப்பதால், 1892-இன் கோடையில் அது இன்னொரு காலராச் சாவாகவே எழுதப்படும். இறப்பை உறுதி செய்ய வரும் மருத்துவர் அவசரத்தில் இருப்பார். இங்கே ஆண்டும் இடமும் காரணமும் கருவியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைக் காணலாம்.

நான்காம் படி: விசாரணை எப்படி நடக்கும் என்பதைக் கற்றல்

ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் பழகிய வாசகரும் எழுத்தாளரும் அதிகம் தடுமாறும் இடம் இதுவே என்பதால் இப்படியில் சற்று நின்று செல்வது நல்லது. பாரிஸ் நகரம் 20 வட்டாரங்களாகவும், ஒவ்வொன்றும் நான்கு பகுதிகளாக மொத்தம் 80 பகுதிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. மோன்மார்த் பதினெட்டாம் வட்டாரம். பெருவீதிகளுக்குத் தெற்கே உள்ள சரிவு ஒன்பதாம் வட்டாரம். சந்தேகத்துக்குரிய சாவு ஒன்று நேர்ந்தால் முதலில் வருபவர் அப்பகுதியின் 'கொமிசேர்' எனப்படும் காவல் அதிகாரி. இவரை நம் ஊர்க் காவல் ஆணையரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் பொறுப்பு ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே. அவர் இடத்தைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதி அரசு வழக்குரைஞருக்கு அறிவிப்பார். அங்கிருந்து வழக்கு ஒரு விசாரணை நீதிபதியிடம் ஒப்படைக்கப்படும். சாட்சிகளை அழைப்பதும், வீட்டைச் சோதிக்க உத்தரவிடுவதும், சந்தேக நபரை அடைத்து வைப்பதும் அவர் அதிகாரம். குற்றப் புலனாய்வுப் பிரிவான 'சூர்தே'யின் ஆய்வாளர்கள் அவர் கட்டளைக்கு இணங்க அலைந்து திரட்டுபவர்கள்.

ஆகவே, தனித்துச் செயல்படும் மேதைத் துப்பறிவாளர் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிக் குற்றவாளியைச் சுட்டும் காட்சி இங்கே இயல்பாக அமையாது. அதற்கு ஈடாக அதைவிடக் கூர்மையான ஒரு காட்சி கிடைக்கிறது: விசாரணை நீதிபதியின் மூடிய அறை. 1897 டிசம்பரில் வந்த சட்டத்துக்கு முன், அந்த அறையில் சந்தேக நபருக்குத் துணையாக வழக்கறிஞர் இருக்க முடியாது. நீதிபதியும், வாக்குமூலத்தைப் பதியும் எழுத்தரும், எதிரே குற்றம் சாட்டப்பட்டவரும் மட்டுமே. வாரக்கணக்கில் நீளும் அந்த உரையாடல்களைக் கதையின் முதுகெலும்பாக்கலாம். 1892-இல் ஓர் இளம் ஓவியரை அங்கே உட்கார வைத்துவிட்டால், அவர் குற்றமற்றவர் என்று வாசகருக்குத் தெரிந்திருந்தும் மூச்சு முட்டும்.

காவல் துறைக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்பாத பிரிவுகளும் இருந்தன. அரசியல் குழுக்களை வேவு பார்த்தவர்களும், விடுதிகளின் பதிவேடுகளைச் சரிபார்த்தவர்களும், பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து கண்காணித்தவர்களும் தனித்தனியே இயங்கினார்கள். கடைசியாகச் சொன்ன பிரிவின் அச்சுறுத்தல் அப்பகுதியின் ஏழைப் பெண்கள் அனைவர் தலைமீதும் தொங்கியது. ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக நிற்கும் ஒரு மாடல் பெண்ணோ சலவைப் பெண்ணோ தான் கண்டதைக் காவலரிடம் சொல்லத் தயங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தைக் கற்பனை செய்யத் தேவையில்லை.

ஐந்தாம் படி: அறிவியலின் எல்லையைக் கோடிட்டு வைத்தல்

எழுதத் தொடங்குமுன் உங்கள் ஆண்டில் எவை இருந்தன, எவை இல்லை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்செனிக்கைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836-இலிருந்தே உண்டு. அல்ஃபோன்ஸ் பெர்த்திய்யோனின் உடலளவுப் பதிவு முறை 1883-இல் முதல் பழைய குற்றவாளியை அடையாளம் காட்டியது. 1892-இல் ரவாஷோலை அடையாளம் கண்டதால் அது உலகப் புகழ் பெற்றது. ஆனால் அளவுகள் எடுக்கப்பட்டிருந்தால்தான் அந்த அட்டைகள் பயன்படும். முதன்முறை குற்றம் செய்பவரை அவை காட்டாது. லியோன் நகர மருத்துவப் பேராசிரியர் அலெக்சாந்தர் லக்கசாஞ் 1889-இல் துப்பாக்கிக் குண்டின் வரிப்பள்ளங்களைக் குழாயோடு ஒப்பிட்டுக் காட்டினார். விரலடையாளத்தைக் கொண்டு பிரான்சில் ஒரு கொலைகாரர் அடையாளம் காணப்பட்டது 1902-இல்தான். இரத்தக்கறை மனிதருடையதா விலங்கினுடையதா என்று உறுதியாகப் பிரிக்கும் சோதனை 1901-இல் வந்தது. இரத்தப் பிரிவுகளும் அப்போதுதான். எனவே 1892-இல் ஒரு கசாப்புக்காரரின் மேலங்கியில் உள்ள கறையைப் பற்றி நீதிமன்றத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதிடலாம்.

இல்லாதவற்றை எண்ணி வருந்த வேண்டியதில்லை. சோதனை ஆர்செனிக்கைக் காட்டிவிடும், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. வண்ணமா, சுவர்த்தாளா, மருந்தா என்று எதிர்த்தரப்பு கேட்கும். மர்மக் கதைக்குத் தேவையான ஐயம் அங்கேயே இருக்கிறது.

அக்கால நடைமுறை முழுவதையும் ஒரே வழக்கில் காண விரும்புபவர் குஃப்பே வழக்கைப் படிக்க வேண்டும். 1889 ஜூலையில் குஃப்பே என்னும் நீதிமன்ற அமீனா ஒருவர் காணாமற்போனார். ஆகஸ்டில் லியோன் அருகே மில்லெரியில் அழுகிய பிணம் ஒன்று கிடைத்தது. முதல் பிணப் பரிசோதனை அது வேறொருவர் என்றது. தலைமயிர் கறுப்பாக இருந்ததே காரணம். சூர்தேயின் தலைவர் கொரோன் அந்த மயிரைக் கழுவச் செய்தபோது உண்மையான பழுப்பு நிறம் வெளிப்பட்டது. நவம்பரில் லக்கசாஞ் தோண்டியெடுத்த எலும்புகளிலிருந்து கால் ஊனம், பல் ஆகியவற்றைக் கொண்டு ஆளை உறுதி செய்தார். பிணத்தை ஏற்றிச் சென்ற பெட்டியைப் பாரிஸ் பிணவறையில் காட்சிக்கு வைத்தபோது மக்கள் திரண்டார்கள். கொன்றவர்களில் மிஷெல் எய்ரோ ஹவானாவில் பிடிபட்டு 1891 பிப்ரவரியில் தலை வெட்டப்பட்டார். கப்ரியேல் பொம்பார் 20 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவர் மனவசிய மயக்கத்தில் செயல்பட்டாரா என்று நீதிமன்றத்தில் நடந்த வாதம், இன்று நாவலில் எழுதினால் மிகை என்று திருத்துநர் வெட்டிவிடக்கூடியது.

ஆறாம் படி: துப்பறிபவரைத் தேர்தல்

காவல் அதிகாரி, செய்தியாளர், மருத்துவ மாணவர் ஆகிய மூவரும் இயல்பான தேர்வுகள். 1881 ஜூலை 29-இன் பத்திரிகைச் சட்டம் அளித்த சுதந்திரத்தால், ஒரு சூ விலைக்கு விற்ற நாளிதழ்கள் கொலைச் செய்திகளைப் போட்டி போட்டு வெளியிட்டன. காவலருக்கு முன்பே சாட்சியைத் தேடிச் செல்லும் செய்தியாளர் கற்பனை அல்லர். எனினும் என் பார்வையில் இப்பகுதிக்கு மிகப் பொருத்தமானவர் ஒரு மாடல் பெண். பிகால் சதுக்கத்தில் வேலைக்காகக் காத்து நிற்கும் அவர், எல்லா ஓவியர்களின் அறைகளுக்குள்ளும் செல்லக்கூடியவர், மணிக்கணக்கில் அசையாமல் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தும் கேட்டும் இருப்பவர், எவராலும் பொருட்படுத்தப்படாதவர். சர்க்கஸ் கலைஞராகத் தொடங்கி, மாடலாகி, பின்னர் தாமே ஓவியராகி 1894-இல் தேசிய நுண்கலைச் சங்கத்தின் காட்சியில் இடம்பெற்ற சூசான் வலதோனின் வாழ்க்கை, அத்தகைய பாத்திரம் எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்குச் சான்று.

ஏழாம் படி: தடயங்களை அன்றாடத்தில் ஒளித்து வைத்தல்

பாரிஸ் அடுக்ககங்களில் இரவில் தெருக்கதவு பூட்டப்பட்டிருக்கும். குடியிருப்பவர் மணியடிக்க, வாயிற்காப்பாளர் படுக்கையிலிருந்தபடியே கயிற்றை இழுத்துக் கதவைத் திறப்பார். உள்ளே வருபவர் பெயரைச் சொல்லிக்கொண்டே கடந்து செல்வார். அரைத்தூக்கத்தில் கேட்ட குரல் யாருடையது? பூட்டிய அறை மர்மத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. வாயிற்காப்பாளரும் பொய் சொல்லவில்லை, குரலும் பொய்யன்று, பெயர் மட்டும் பொய்.

அரசு அடகு நிறுவனம் தந்த சீட்டுகளில் பொருளும் தேதியும் இருக்கும். விடுதிப் பதிவேட்டில் வந்த நாளும் பெயரும் இருக்கும். நகரெங்கும் நிலத்தடிக் குழாய்களில் காற்றழுத்தத்தால் அனுப்பப்பட்ட நீலநிறக் கடிதங்கள் சில மணி நேரத்தில் கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் முத்திரையும் நேரமும் பதிவாகும். அத்தகைய ஒரு நீலக் கடிதத்தின் கிழிந்த துண்டுகள்தான் 1896-இல், உளவாளி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட படை அதிகாரி திரைஃபூஸின் வழக்கில் உண்மையான குற்றவாளியின் பக்கம் கவனத்தைத் திருப்பின. 1884 முதல் வீட்டுக் குப்பையை மூடியிட்ட தொட்டியில் வைக்க வேண்டும் என்ற ஆணை இருந்தது. விடியலில் அதைக் கிளறும் குப்பை பொறுக்குபவர் முதல் தரமான சாட்சி.

எட்டாம் படி: உண்மை மனிதர்களைப் பின்னணியில் நிறுத்துதல்

ஓவியர் துலூஸ்-லோத்ரெக் ஒரு மூலையில் அமர்ந்து வரைந்துகொண்டிருக்கலாம். இசையமைப்பாளர் எரிக் சாத்தி பியானோ வாசிக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவரைக் கொலைகாரராகவோ, முக்கியத் தடயத்தைக் கண்டுபிடிப்பவராகவோ ஆக்கினால் கதையின் உறுதி குலைகிறது. தேதிகளையும் சரிபாருங்கள்: வின்சென்ட் வான் கோ தம் தம்பியுடன் லெப்பிக் தெருவில் வாழ்ந்தது 1886 முதல் 1888 வரை மட்டுமே. குன்றின் மேலிருந்த பழைய மதுக்கூடம் ஒன்று ஒரு காலத்தில் 'கொலைகாரர்களின் மதுக்கூடம்' எனப்பட்டதற்கு, சுவரில் தொங்கிய புகழ்பெற்ற கொலைகாரர்களின் படங்களே காரணம் என்பார்கள். அங்கே பிணத்தை விழச் செய்யும் ஆசை எல்லா எழுத்தாளர்களுக்கும் வரும், தவிர்ப்பதே நல்லது.

வரைபடத்திலும் ஒரு பொறி உண்டு. மோன்மார்த் தெரு என்பது குன்றில் இல்லை. அது நகரின் மையத்தில் இருக்கிறது. ஆவணத்தில் அப்பெயரைக் கண்டு கதையைக் குன்றின் மேல் ஏற்றிவிடக் கூடாது. பிரான்சு தேசிய நூலகத்தின் 'கல்லிக்கா' இணையக் களஞ்சியத்தில் அக்கால நாளிதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கதை நிகழும் வாரத்தின் இதழ்களை வரிசையாகப் புரட்டினால் வானிலையும் வதந்தியும் விளம்பரமும் ஒருங்கே கிடைக்கும்; பிரெஞ்சு தெரியாதவரும் இயந்திர மொழிபெயர்ப்பின் துணையோடு வேண்டிய அளவு பெறலாம்.

ஒன்பதாம் படி: முடிவைச் சட்டத்தோடு பொருத்துதல்

குற்றவாளி யார் என்பது தெரிந்த இடத்தில் கதையை நிறுத்துவதா, தீர்ப்பு வரை கொண்டு செல்வதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வழக்கு பன்னிரண்டு ஜூரிகள் அமர்ந்த சேன் மாவட்டக் குற்றவியல் மன்றத்துக்குச் செல்லும்; அங்கே குற்றம் சாட்டப்பட்டவரை முதலில் கேள்வி கேட்பவர் தலைமை நீதிபதியே. காதல் வெறியில் செய்த கொலை என்றால் ஜூரிகள் இரக்கம் காட்டுவது அக்காலத்தில் வழக்கம்; நஞ்சூட்டியவர் அந்த இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. எனவே 1892-இன் நம் கதையில் கடனுக்காக நஞ்சிட்டவர், அதைக் காதல் குற்றமாகக் காட்டத் தம் வழக்கறிஞர் வழியே முயல்வது இயல்பான இறுதித் திருப்பம். அதற்காக அவர் அந்த மாடல் பெண்ணின் பெயரை இழுக்கும்போது, முதல் அத்தியாயம் முதல் வாய் திறக்கத் தயங்கிய அவர் சாட்சிக் கூண்டில் ஏறியே ஆக வேண்டிய நிலை உருவாகும். மரண தண்டனை விதிக்கப்பட்டால் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய கருணை மனுவின் முடிவுக்காகச் சில வாரங்கள் காத்திருப்பு உண்டு. மறுக்கப்பட்டால், 1899 வரை லா ரொக்கேத் சிறை வாயிலில் பொதுமக்கள் முன்னிலையில் விடியற்காலையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. கைதிக்கு அந்த நாள் முன்கூட்டித் தெரிவிக்கப்படுவதில்லை. அக்காட்சியை எழுதுவதாக இருந்தால், மதுக்கூடங்கள் மூடிய பின் நேரே அங்கு வந்து இடம் பிடித்த இரவு விருந்தினர் கூட்டத்தின் பார்வையிலிருந்து எழுதுங்கள்.